குடும்ப எஸ்.யூ.வி.யில் டோ பார்: தேர்வு செய்வது முதல் ட்ரெய்லர் இழுப்பது வரை

ஆஸ்திரேலியாவில் தனி வீட்டுக்குக் குடிபோன முதல் வருடத்திலேயே ட்ரெய்லர் தேவைப்பட ஆரம்பித்துவிடும். தோட்டத்துக்கு மண் எடுக்க வேண்டும், பழைய சோபாவைக் குப்பைக்கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும், யாரோ விற்கிற ஃப்ரிட்ஜை வாங்கி வர வேண்டும். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் பள்ளி விடுமுறைக்கு கேம்பர் ட்ரெய்லர் எடுத்துப் போகலாமா என்று பேச்சு வரும். சிட்னியில் வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் இருக்கிற நம் குடும்பங்களில் பலருக்கு, ஊரில் இருந்தவரை காரின் பின்னால் எதையும் கட்டி இழுத்த பழக்கம் இருந்திருக்காது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சட்ட விவரங்கள் நியூ சவுத் வேல்ஸை வைத்துச் சொன்னவை. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தங்கள் மாநிலப் போக்குவரத்துத் துறையின் விதிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. கார் விற்றவர் சொன்ன "2,000 கிலோ இழுக்கும்" என்ற ஒற்றை எண்ணை நம்பி எதையும் வாங்காதீர்கள். காருக்கு ஒரு வரம்பு, ட்ரெய்லரை மாட்டக் காரின் பின்னால் பொருத்தும் இரும்புச் சட்டமான டோ பாருக்கு ஒன்று, அதன் முனையில் இருக்கும் இரும்புக் குண்டான பாலுக்கு (ball) ஒன்று, ட்ரெய்லருக்கு ஒன்று, டயருக்கு ஒன்று என்று வரிசையாக வரம்புகள் இருக்கின்றன. அவற்றில் எது சின்னதோ அதுதான் உங்களுடைய வரம்பு. சில குடும்ப எஸ்.யூ.வி.களில் அந்தச் சின்ன எண், யாரும் கேட்காத பால் எடையாகத்தான் இருக்கும்.

முதலில் காரின் கையேடு

ஓனர்ஸ் மேனுவலில் டோயிங் பற்றி ஒரு பகுதி இருக்கும். அதில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரேக் உள்ள ட்ரெய்லர் எத்தனை கிலோ வரை, பிரேக் இல்லாத ட்ரெய்லர் எத்தனை கிலோ வரை என்பவை முதல் இரண்டு. மூன்றாவது, டோ பால் மீது மேலிருந்து கீழாக எவ்வளவு எடை அழுத்தலாம் என்பது. இதைத்தான் பால் எடை என்கிறேன். நான்காவது ஜிவிஎம். ஆட்கள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்த்து கார் மட்டும் எவ்வளவு எடை இருக்கலாம் என்பதற்கான வரம்பு அது. இதோடு ஜிசிஎம் என்று இன்னொரு எண்ணும் இருக்கும். காரும் ட்ரெய்லரும் சேர்ந்து எவ்வளவு எடை போகலாம் என்பதை அது சொல்கிறது. சில கார்களில் ஜிவிஎம்மையும் இழுவைத் திறனையும் கூட்டினால் ஜிசிஎம்மைத் தாண்டிவிடும். அப்படியானால் காரை முழுசாக நிரப்பிக்கொண்டு ட்ரெய்லரையும் முழுசாக இழுக்க முடியாது. ஏதாவது ஒன்றைக் குறைத்தே ஆக வேண்டும்.

பக்கத்து வீட்டில் அதே கார் இருக்கிறது, அவர் இழுக்கிறார், நாமும் இழுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். டொயோட்டா ராவ்4 ஹைபிரிட் காரில் 2019இல் இங்கே வந்த தலைமுறையைப் பாருங்கள். நான்கு சக்கரமும் இயங்கும் வகை 1,500 கிலோ இழுக்கலாம். முன் சக்கரம் மட்டும் இயங்கும் வகைக்கு 480 கிலோதான் வரம்பு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கார். ஆகவே உங்கள் காரின் மாடல், வருடம், எஞ்சின், இயக்க வகை எல்லாம் பொருந்துகிற வரியைத் தேடிப் படியுங்கள். ட்ரெய்லர் இழுக்கக் கூடாது என்றே சில கார்களின் கையேட்டில் எழுதியிருக்கும். அதற்கு மேல் அந்தக் காரில் பேச்சுக்கு இடமில்லை.

பால் எடைக் கணக்கு

மாட்டு வண்டி பார்த்தவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று தெரியும். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரமானால் ஏர்க்கால் மேலே தூக்கிக்கொண்டு வண்டி நிலைகொள்ளாது. ட்ரெய்லருக்கும் இதே விதிதான். கொஞ்சம் முன்பாரம் கட்டாயம் வேண்டும். பின்பாரமாக ஏற்றிய ட்ரெய்லர், வேகம் கூடும்போது பாம்பு மாதிரி இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் ஒரு கட்டத்தைத் தாண்டினால் காரையே திருப்பிப் போட்டுவிடும்.

ஆஸ்திரேலியாவில், ஏற்றி முடித்த ட்ரெய்லர் எடையில் சுமார் 10 சதவீதம் பால் மீது இருக்கட்டும் என்பது பொதுவான அறிவுரை. ஐரோப்பாவில் இதைவிடக் குறைத்து, 5 முதல் 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வார்கள். அங்கே தயாராகும் கேரவன்கள் எடை குறைந்தவை, ஓட்டும் வேகமும் குறைவு. இந்த வேறுபாட்டால் இங்கே ஒரு சிக்கல் வருகிறது. 2,000 கிலோ இழுக்கலாம் என்று சொல்லும் சில எஸ்.யூ.வி.களுக்குப் பால் எடை வரம்பு 100 கிலோதான். பத்து சதவீதக் கணக்குப்படி 100 கிலோவுக்கு 1,000 கிலோ ட்ரெய்லர்தான் பொருந்தும். விளம்பரத்தில் சொன்ன எண்ணில் பாதி அங்கேயே போய்விட்டது.

அடுத்து, பால் மீது அழுத்தும் எடை காரின் எடையோடு சேரும். ஒரு கணக்குக்கு ஏழு இருக்கை எஸ்.யூ.வி. ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெறும் கார் 1,980 கிலோ, ஜிவிஎம் 2,600 கிலோ. மிச்சம் 620 கிலோ. அப்பா 75, அம்மா 70, இரண்டு பிள்ளைகள் சேர்த்து 70, ஊரிலிருந்து வந்திருக்கிற பாட்டி 65 என்று 280 கிலோ போயாயிற்று. டோ பார் 35 கிலோ என்று வையுங்கள். குளிர்பெட்டி, துணிமணி, சமையல் சாமான் எல்லாம் 120 கிலோ. மொத்தம் 435. இப்போது மீதி 185 கிலோதான். 1,800 கிலோ கேரவன் என்றால் பால் எடை 180 வரும், தட்டுத்தடுமாறி உள்ளே நிற்கும். 2,000 கிலோ கேரவனுக்கு 200 கிலோ வேண்டும். இடம் கிடையாது. மாமாவும் கூட வருகிறேன் என்றால் 1,800 கிலோ கேரவனும் கூடாது. இந்தக் கணக்கை உங்கள் சொந்தக் காரின் எண்களை வைத்து ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் கேரவன் விற்கும் இடத்துக்குப் போங்கள்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. பால் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் அது நெம்புகோலாக வேலை செய்கிறது. பின் அச்சிலிருந்து பால் 1.1 மீட்டர் தள்ளி இருக்கிறது, முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பால் மீது 150 கிலோ வைக்கும்போது பின் சக்கரங்களில் ஏறுவது ஏறக்குறைய 209 கிலோ. கூடுதலாக வந்த 59 கிலோ, முன் சக்கரங்களிலிருந்து குறைந்த எடை. முன் சக்கரம் லேசானால் ஸ்டியரிங் பிடிப்பும் முன் பிரேக்கின் பலமும் குறையும். முகப்பு விளக்கு மேலே தூக்கி, எதிரில் வருகிறவர் கண்ணைக் கூசும். காரின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் எடை அளவுக்கு மேலே போய்விட்டது என்று சந்தேகப்படுங்கள்.

பால் எடையை அளப்பதற்கென்றே சின்னத் தராசு கடையில் கிடைக்கிறது. சாதாரண பெட்டி ட்ரெய்லருக்கு வீட்டில் இருக்கிற குளியலறைத் தராசு போதும். ட்ரெய்லரை மட்டமான தரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, காரில் மாட்டும்போது கப்ளிங் (பாலின் மேல் உட்காரும் ட்ரெய்லரின் முன்முனை) எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரம் வருகிற மாதிரி தராசின் மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, அதன்மேல் கப்ளிங்கை இறக்கினால் எண் தெரிந்துவிடும். தராசின் வரம்புக்குள் எடை இருக்குமா என்பதை மட்டும் முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். கேரவனாக இருந்தால் முழுசாக ஏற்றிக்கொண்டு ஒருமுறை பொது எடைமேடைக்குப் போய் வாருங்கள். அதற்குச் செலவாகும் பணம் வீண் போகாது.

எந்த டோ பார்?

கார் கம்பெனியே தருவது, ஹேமன் ரீஸ் போன்ற டோ பார் கம்பெனிகள் உங்கள் மாடலுக்கென்று செய்வது என்று இரண்டு வழி. இரண்டுமே நல்ல வழிதான். மூன்றாவதாக, வேறு காரிலிருந்து கழற்றிய பாரை வெட்டி ஒட்டிப் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு டோ பாரிலும் ஒரு தகடோ அச்சிட்ட குறிப்போ இருக்கும். எந்தக் காருக்கானது, எத்தனை கிலோ இழுக்கலாம், பால் எடை எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தகடு இல்லாத பாரைத் தொடவே கூடாது.

வடிவத்தில் பார்த்தால், பால் உட்காரும் தட்டையான இரும்பு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும் வகை ஒன்று. சதுரக் குழாய் வாயில் நாக்கைச் செருகி பின் (pin) போட்டுப் பூட்டும் ஹிட்ச் வகை மற்றொன்று. பெரியதில் வாய் 50 மில்லிமீட்டர் சதுரம். குடும்ப உபயோகத்துக்கு நான் ஹிட்ச் வகையைத்தான் பரிந்துரைப்பேன். வேலை முடிந்ததும் நாக்கை உருவி உள்ளே வைத்துவிடலாம். சைக்கிள் ரேக்கும் நேராக அதே வாயில் செருகிக்கொள்ளும்.

பெரிய டோ பார் போட்டால் காரின் திறன் கூடாது. காருக்கு 1,500 என்றால் 2,500 கிலோ பார் போட்டாலும் 1,500தான்.

பொருத்தும் வேலை

நீங்களே செய்யலாமா? இரும்பு வேலையை, கையில் டார்க் ரெஞ்சும் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) இரண்டாவது ஆளும் இருந்தால், பொறுமையுள்ளவர் ஒரு நாளில் செய்யலாம். மின் இணைப்பைத் தெரிந்தவரிடம் விடுங்கள் என்பது என் கருத்து. காரணத்தைக் கீழே சொல்கிறேன். கடையில் கொடுத்தாலும் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் வேலை சரியாக நடந்ததா என்று பார்க்க முடியும்.

முதலில் பின் பம்பரின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற வேண்டும். சக்கர வளைவுக்குள் இருக்கும் திருகுகள், டிக்கிக் கதவுக்குக் கீழே இருக்கும் கிளிப்புகள், பின் விளக்குகள் என்று ஒவ்வொன்றாக வரும். கிளிப்புகள் சுலபமாக உடையும், புதியவை சிலவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பார்க்கிங் சென்சார் வயரை இழுக்காமல் இணைப்பைப் பிரித்துவிடுங்கள். உள்ளே மோதல் தாங்கும் இரும்புச் சட்டம் ஒன்று தெரியும். சில மாடல்களில் அதைக் கழற்றிவிட்டு டோ பார் அந்த இடத்தில் உட்காரும், சிலவற்றில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். அதைக் கையேடு சொல்லும்.

அப்புறம் பாரை இருவர் தூக்கிப் பிடித்து, சேஸிஸின் நீளச் சட்டங்களில் ஏற்கெனவே இருக்கும் துளைகளுக்கு நேராக வைக்க வேண்டும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் நாலு சுற்று ஏற்றுங்கள். ஒரு பக்கத்தை இறுக்கிவிட்டு மறுபக்கத்தைத் தேடினால் துளை நேராக வராது. எல்லாம் ஏறிய பிறகு, பார் நடுவில் இருக்கிறதா என்று அளந்து, கையேட்டில் கொடுத்திருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கைத்திட்டத்தில் இறுக்குகிற வேலை இது இல்லை. பாரோடு வந்த போல்ட்டுகளையே போடுங்கள். எங்காவது துளை போட வேண்டியிருந்தால் வெட்டிய விளிம்பில் துரு தடுக்கும் பெயிண்ட் பூசாமல் மூடாதீர்கள்.

பம்பர் உறையின் அடியில் நாக்கு வெளியே வருவதற்கு ஒரு சின்ன வெட்டு தேவைப்படலாம். அதற்கான அச்சுத்தாள் பெட்டியிலேயே இருக்கும். முதலில் சின்னதாக வெட்டி, வைத்துப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். சைலன்சர் குழாய் பாரில் உரசாமல் இடைவெளி இருக்கிறதா, அடியில் தொங்கும் ஸ்டெப்னி டயரை இறக்க முடிகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் இழுத்த பிறகு எல்லா போல்ட்டுகளின் இறுக்கத்தையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். கடைக்காரர் பொருத்தியிருந்தால் இதற்காக வரச் சொல்வார், தவறாமல் போங்கள்.

வேலை முடிந்ததும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு டோ பார் பொருத்தியதைத் தெரிவித்துவிடுங்கள். ட்ரெய்லர் இழுக்கும்போது பாலிசி என்னவெல்லாம் காக்கும் என்றும் அதே அழைப்பில் கேட்டுக்கொள்ளலாம்.

வயரிங்

பழைய கார்களில் பின் விளக்கின் வயரைக் கீறி இன்னொரு வயரை முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. இப்போதைய கார்களில் விளக்குகளைக் கம்ப்யூட்டர் கண்காணிக்கிறது. நடுவில் ஒரு வயரை இழுத்தால் பல்பு போய்விட்டது என்று எச்சரிக்கை வரும், சிலசமயம் கட்டுப்பாட்டுப் பெட்டியே கெட்டுவிடும். அதனால் உங்கள் மாடலுக்கென்று செய்த வயரிங் லூம் (தயாராகக் கட்டிய வயர்த் தொகுப்பு) வாங்குங்கள். அதோடு வரும் சின்ன மாட்யூல், காரின் சிக்னலைப் படித்துக்கொண்டு ட்ரெய்லர் விளக்குக்குத் தனியாக பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கும்.

நல்ல லூமுக்கு இன்னொரு பயனும் உண்டு. பல கார்களில் ட்ரெய்லர் மாட்டியிருப்பதை அது காருக்குத் தெரிவிக்கும். உடனே ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் அதற்கேற்ப மாறும், பின் சென்சார்கள் கத்துவதை நிறுத்தும். தெரிவிக்காத கார், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஏதோ தடை இருக்கிறதென்று நினைத்துத் தானாகவே பிரேக் போட்டுவிடும். இதைச் சரியாக அமைக்கக் காரின் கம்ப்யூட்டரில் கோடிங் செய்ய வேண்டிவரும் என்பதால்தான் தெரிந்தவரிடம் விடச் சொன்னேன்.

பிளக் பல வகை. இங்கே அதிகம் புழங்குவது ஏழு பின் (pin) தட்டை பிளக். பெரிய கேரவன்களில் பன்னிரண்டு பின் தட்டை பிளக் இருக்கும். பழைய ட்ரெய்லர்களில் வட்ட பிளக் வரும், அதற்கு அடாப்டர் விற்கிறார்கள். வாடகை ட்ரெய்லர் எடுக்கப் போகும் முன் எந்த பிளக் என்று போனில் கேட்டுவிடுங்கள்.

பிரேக்கும் செயினும்

ட்ரெய்லர் தகட்டில் ஏடிஎம், ஜிடிஎம் என்று இரண்டு எண்கள் இருக்கும். ஏடிஎம் என்பது ஏற்றி முடித்த ட்ரெய்லர் தனியாக நிற்கும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடை. ஜிடிஎம் என்பது காரில் மாட்டிய பிறகு ட்ரெய்லரின் சக்கரங்கள் மட்டும் தாங்கும் எடை.

ஜிடிஎம் 750 கிலோ வரை பிரேக் இல்லாமல் இருக்கலாம். 750க்கு மேல் 2,000 வரை, குறைந்தது ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். 2,000க்கு மேலே போனால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். ட்ரெய்லர் பிய்த்துக்கொண்டு போனால் தானாகப் பிடிக்கிற பிரேக்அவே ஏற்பாடும் வேண்டும், அது குறைந்தது 15 நிமிடம் பிடித்து வைத்திருக்க வேண்டும். ட்ரெய்லரில் மின்சார பிரேக் என்றால் காருக்குள் பிரேக் கன்ட்ரோலர் ஒன்று பொருத்த வேண்டும். அது இல்லாமல் அந்த பிரேக் வேலை செய்யாது.

சேஃப்டி செயின் எல்லா ட்ரெய்லருக்கும் கட்டாயம். ஏடிஎம் 2,500 கிலோ வரை ஒன்று, அதற்கு மேல் 3,500 வரை இரண்டு. இரண்டு இருந்தால் கப்ளிங்குக்கு அடியில் எக்ஸ் மாதிரி குறுக்காக மாட்டுங்கள். ஒருவேளை கப்ளிங் கழன்றால் அதன் முனை ரோட்டில் குத்தாமல் செயின்கள் தொட்டில் போல ஏந்திக்கொள்ளும். செயினை டோ பாரில் மாட்டும் வளையமான ஷேக்கிளில் எத்தனை கிலோ தாங்கும் என்ற எண் அச்சிட்டிருக்க வேண்டும். சாதாரண ஹார்டுவேர் ஷேக்கிளைப் போட்டு ஓட்டாதீர்கள்.

பாலின் அளவையும் பாருங்கள். இங்கே வழக்கம் 50 மில்லிமீட்டர், தலையில் அச்சிட்டிருக்கும். பழைய 47.6 மில்லிமீட்டர் பால்களும் சில கார்களில் இன்னும் இருக்கின்றன. 50 மில்லிமீட்டர் கப்ளிங் அதன்மேல் உட்காரும், பூட்டும்கூட. ஆனால் பெரிய குழியில் ஏறி இறங்கும்போது எகிறிவிடும்.

மாட்டுவது

ட்ரெய்லரின் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக் இருந்தால் போடுங்கள். ரிவர்ஸ் கேமராவில் பால் நடுவில் தெரிகிற மாதிரி மெதுவாகப் பின்னால் வந்து, கப்ளிங்குக்கு நேர் கீழே பால் வந்ததும் காரை பார்க்கில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுங்கள். காருக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் பிள்ளைகள் யாரும் நிற்கக் கூடாது, வழிகாட்டுகிறவர் பக்கவாட்டில் நின்று சொல்லட்டும்.

ட்ரெய்லரின் முன்முனையைத் தாங்கி நிற்கும் ஜாக்கி சக்கரத்தைச் சுற்றி கப்ளிங்கைப் பாலின் மேல் இறக்குங்கள். நெம்பு விழுந்து பூட்டியதும், அதே ஜாக்கி சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றிக் கப்ளிங்கை மேலே தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து லேசாக எழும்பினால் சரியாகப் பூட்டியிருக்கிறது. கப்ளிங் மட்டும் எழும்பினால் பூட்டவில்லை. இந்த ஒரு சோதனையை எத்தனை வருடம் ஓட்டியவராக இருந்தாலும் விடக் கூடாது.

பிறகு செயின், பிரேக்அவே கம்பி, பிளக். செயின் தரையில் இழுபடவும் கூடாது, திருப்பத்தில் இறுகவும் கூடாது. ஜாக்கி சக்கரத்தை மேலே மடக்குங்கள், அல்லது கழற்றி உள்ளே வையுங்கள். ட்ரெய்லர் ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, கட்டையை எடுத்துவிட்டு, ஒருவரைப் பின்னால் நிறுத்தி இடது, வலது, பிரேக், பின் விளக்கு நான்கையும் பாருங்கள். ட்ரெய்லர் டயரில் காற்று, சக்கர நட்டு, எண் பலகை. ட்ரெய்லருக்கென்று தனி ரெஜிஸ்ட்ரேஷனும் தனி எண் பலகையும் உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம்.

கழற்றும்போது ட்ரெய்லரின் ஹேண்ட்பிரேக்கும் கட்டையும்தான் முதல் வேலை. செயினைக் கடைசியாகக் கழற்றுங்கள்.

ஏற்றுவது

பன்னிங்ஸ் போன்ற கடைகளில் ட்ரெய்லர் வாடகைக்குக் கிடைக்கும். வழக்கமான ஆறுக்கு நாலு அடி பெட்டி ட்ரெய்லரைப் பார்த்தால் நிறையப் பிடிக்கும் போலத் தெரியும். இங்கேதான் கவனம் தேவை. ஏடிஎம் 750, வெறும் ட்ரெய்லர் 200 என்றால் நீங்கள் ஏற்றலாம் என்பது 550 கிலோ. மணல் ஒரு கன மீட்டர் சுமார் 1,600 கிலோ. ஆக, மூன்றில் ஒரு பங்கு கன மீட்டர்தான் ஏற்றலாம். ட்ரெய்லரில் பரப்பினால் சுமார் 15 சென்டிமீட்டர் உயரம், ஒரு சாணுக்கும் குறைவு. விளிம்புவரை நிரப்பித் தருகிறேன் என்று மணல் விற்கும் கடையில் லோடர் ஓட்டுகிறவர் அன்பாகக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு நடையாக எடுங்கள். நேற்று மழை பெய்திருந்தால் மண் இன்னும் கனக்கும்.

கனமானதை அச்சுக்கு மேலேயும் அதற்குச் சற்று முன்னாலும், முடிந்தவரை தாழ்வாக வையுங்கள். வாஷிங் மெஷினைக் கடைசியாக ஏற்றிப் பின்கதவோரம் நிறுத்துவது சுலபமாக இருக்கும். ஆனால் அது பின்பாரம். ராட்செட் பட்டையால் முன்னும் பின்னும் பக்கமும் கட்டுங்கள். இலைதழை, மண், குப்பை என்றால் வலையோ தார்ப்பாயோ போட்டு மூட வேண்டும். சரக்கு ரோட்டில் விழுந்தால் அபராதம் பெரிது, பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் உயிரும் அதில் இருக்கிறது. ட்ரெய்லருக்குள்ளும் கேரவனுக்குள்ளும் ஆட்களை ஏற்றக் கூடாது.

ஓட்டுவது

தனி லைசென்ஸ் வேண்டியதில்லை, கார் லைசென்ஸ் போதும். நியூ சவுத் வேல்ஸில் எல் போர்டில் இருப்பவர் ட்ரெய்லர் இழுக்கக் கூடாது. சிவப்பு பி போர்டில் (புது லைசென்ஸின் முதல் கட்டத்தில்) இருப்பவர் வெறும் எடை 250 கிலோ வரை உள்ள ட்ரெய்லரை மட்டும் இழுக்கலாம், பி போர்டை ட்ரெய்லரின் பின்னாலும் ஒட்ட வேண்டும். மகனையோ மகளையோ குப்பைக்கிடங்குக்கு அனுப்பும் முன் இதை நினைவில் வையுங்கள்.

காரும் ட்ரெய்லரும் சேர்ந்தால் நீளம் 7.5 மீட்டரை எளிதில் தாண்டிவிடும். அப்படித் தாண்டினால் ஊருக்கு வெளியே, முன்னால் போகும் இன்னொரு நீள வாகனத்துக்கு 60 மீட்டர் பின்னால் வர வேண்டும் என்பது விதி. லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். வேகம், நியூ சவுத் வேல்ஸில் ஜிசிஎம் 4.5 டன்னுக்குள் இருந்தால் பலகையில் போட்டிருக்கும் அளவு. ஆனால் காரின் கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் ட்ரெய்லர் இழுத்தால் எங்கேயும் 100தான் உச்சம். புதியவர்கள் நெடுஞ்சாலையில் 90 ஓட்டினால் ஒன்றும் குறைந்துபோகாது. அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோலை ட்ரெய்லரோடு பயன்படுத்தலாமா என்று கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

இறக்கம்தான் உண்மையான பரீட்சை. உல்லன்காங் போகும் மவுன்ட் அவுஸ்லி, ப்ளூ மவுன்டன்ஸைத் தாண்டி இறங்கும் விக்டோரியா பாஸ் மாதிரி இடங்களில், இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து கியரைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். எஞ்சின் பிடித்து நிறுத்தட்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும்.

ட்ரெய்லர் ஆட ஆரம்பித்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறைய விடுங்கள். காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், எதிர்ப்பக்கம் ஒடிக்காதீர்கள். மின்சார பிரேக் இருந்தால் கன்ட்ரோலரில் உள்ள கைப்பொத்தானை லேசாக அழுத்தலாம், ட்ரெய்லர் மட்டும் பிடித்து நேராகும். நிதானம் வந்ததும் ஓரமாக நிறுத்தி, சரக்கை முன்னால் தள்ளி மறுபடி கட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ரிவர்ஸ் எடுக்க, ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ அந்தப் பக்கம் ட்ரெய்லரின் பின்புறம் போகும். நடக்கிற வேகத்துக்கும் குறைவாக, சின்னச் சின்ன அசைவாக. கோணம் அதிகமாகிவிட்டால் முன்னால் ஓட்டி நேராக்கிக்கொண்டு மறுபடி வாருங்கள். நீளமான கேரவனைவிடக் குட்டி ட்ரெய்லர்தான் சட்டென்று மடங்கும் என்பதால் முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாக இருக்கும் வாகன நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் பழகினால் கை வந்துவிடும்.

ட்ரெய்லர் இல்லாத நாட்களில்

நாக்கும் பாலும் எண் பலகையை மறைக்கக் கூடாது. மறைக்காவிட்டாலும் கழற்றி உள்ளே வைப்பதே நல்லது. கார் நிறுத்துமிடத்தில் நடந்து போகிறவரின் முழங்காலுக்கு நேராக அது நீட்டிக்கொண்டிருக்கும்.

சைக்கிள் ரேக் மாட்டினால் அதன் எடையும் சைக்கிள்களின் எடையும் பால் எடை வரம்புக்குள்தான் வர வேண்டும். அந்தச் சுமை பாலுக்கும் வெளியே தள்ளித் தொங்குவதால், ரேக்கோடு வரும் தாளில் காருக்கும் ரேக்குக்கும் தனித்தனி வரம்பு போட்டிருப்பார்கள். குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எண் பலகை மறைந்தால் சைக்கிள் ரேக்குக்கென்று கூடுதல் பலகை ஒன்றை மாநில அரசின் சேவை மையமான சர்வீஸ் என்.எஸ்.டபிள்யூ.வில் வாங்கி மாட்ட வேண்டும்.

கடற்கரை மணலில் யாருடைய காராவது புதைந்தால் டோ பாலில் கயிறு மாட்டி இழுக்க ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பால் சீரான இழுவைக்காகச் செய்தது. வெடுக்கென்று இழுக்கும்போது அது முறிந்து, கயிற்றின் விசையில் குண்டு மாதிரி பறந்து கண்ணாடியைத் துளைத்து ஆளைக் கொன்றிருக்கிறது. அந்த வேலைக்குத் தரமிட்ட ரெக்கவரி பாயின்ட் வேறு, அதற்கான ஹிட்ச் வேறு. அவை இல்லையென்றால் உதவிக்கு ஆள் வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.